அளவு ஜாக்கெட்

1

மெல்பர்னில் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள். எங்கள் கடைக்குள் மட்டும் வசந்தம் வந்துவிட்டது. துணிக்கடைக்கு எப்போதும் ஒரு பருவம் முந்திப் பிறக்கும் அவசரம். வெளியே ஜனங்கள் கறுப்புக் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். உள்ளே நான் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து எலுமிச்சை மஞ்சளையும் வெளிர் பச்சையையும் பூப்போட்ட மெல்லிய கவுன்களையும் எடுத்துத் தொங்கவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக இதே கடை. பெண்கள் உடுத்திப் பார்க்கும் அறைகளின் வாசலில் நிற்பது என் வேலை. எத்தனை உருப்படி உள்ளே போகிறது என்று எண்ணி, அந்த எண் போட்ட அட்டையைக் கையில் கொடுப்பேன். உடுத்திக்கொண்டு வெளியே வந்து, பெரிய கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "எப்படி இருக்கிறது?" என்பார்கள். நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது. "இன்னொரு வெட்டு உங்களுக்கு இன்னும் பொருந்தும்" என்று சொல்லலாம். பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் பாதி இப்படி உண்மையைச் சுற்றிக்கொண்டு போகிற ஆங்கிலம்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் கோவில்பட்டியிலிருந்து குரல் பதிவு வந்தது. சண்முகத்தாய், என் தம்பி மனைவி. தம்பி மாரடைப்பில் போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் வைத்திருந்த உரக்கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஒரே மகள் அபிநயாவுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம்.

"மதினி, நல்லாருக்கீங்களா? ஆரி வேலைக்குத் தையல்கடை ஜெயராணி ஒரு மாசம் கேக்கா. வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே கலர் சேலை எடுத்தாச்சு. லேவண்டராம். இந்த வருசம் அதுதானாம். உங்க மருமவ பிடிச்ச பிடியில நிக்கா. உங்க அளவு ஜாக்கெட்டு ஒண்ணு யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. சுருக்கா மதினி. நலங்குக்கு மொத ஆளு நீங்கதான், ஞாபகம் இருக்கட்டும்."

கைபேசியில் தேதியைப் பார்த்தேன். என் இடது மார்பை எடுத்து அன்றோடு மூன்று வருடம்.

கணவருக்குத் தெரியும். எனக்கு ஆபரேஷன் நடந்தது மட்டும் மகள் மீராவுக்குத் தெரியும். கோவில்பட்டியில் ஒருவருக்கும் தெரியாது.

2

அதை மறைத்தது என் சொந்த விஷயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி ஒரு கடிதம் இருக்கிறது.

அறுவை முடிந்து மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். முக்கியமான செய்தி என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி வைத்த தொலைபேசியில் ஓர் ஆண் குரல். நல்ல மனிதர். ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் தயங்கி, செய்தி வாசிப்பவரைப் போல "மார்பகம்" என்றார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை வாயால் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும்போது அது பால். நோவு வந்தால் நெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் அதற்குப் பெயரே கிடையாது.

அந்தக் குரல் சொன்னது இதுதான். என் இரத்தத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது. அது அப்பா வழியாகவோ அம்மா வழியாகவோ எனக்கு வந்தது. அதே வழியாக என் தம்பிக்கும் வந்திருக்கலாம். ஆண்களுக்கு அது பெரும்பாலும் சத்தம் காட்டாது, ஆனால் அவர்கள் மகள்களுக்குப் போகலாம். சோதித்துத் தெரிந்துகொண்டால் வருடா வருடம் பார்த்து ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். ஆஸ்பத்திரி நேரடியாக யாருக்கும் எழுத முடியாது, சட்டம் அப்படி. நோயாளி தன் கையால்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு ஒரு தாளைத் தந்தார்கள். மேலே "அன்புள்ள உறவினருக்கு" என்று இருந்தது. பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், உடன்பிறந்தவரின் பிள்ளைகள் என்று வரிசை. நான் அந்த மூன்றாவதிலேயே போய் நின்றுகொண்டேன். அபிநயா.

கொடுக்கவில்லை. முதலில் தம்பியின் திவசம் வருகிறதே என்று தள்ளினேன். பிறகு அபி பெங்களூரில் வேலைக்குப் போன நேரம். பிறகு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "அந்த வீட்டுல அத்தைக்காரிக்கு அந்த நோவாமே, ரத்தத்துலயே உள்ளதாமே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னால் போதும். அப்பா இல்லாத பெண்ணுக்கு அதன்பின் யார் வருவார்கள்? இப்போது வந்துவிட்டார்கள், தேதியும் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் சொன்னால் கல்யாணம் நிற்கலாம். பின்னால் சொன்னால், மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்ற பழி அந்தப் பெண்ணின் தலையில் விழும், அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவள் சுமக்கும்படி. சொல்லாமலே இருந்தால், ஒருநாள் அவளும் என்னைப்போல் குளிக்கும்போது விரலில் ஒரு கடுகு தட்டுப்பட்டு நிற்பாள்.

கடையில் விடுப்புக்கு மனுப் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் "தம்பி மகள்" என்று எழுதினேன். நெருங்கிய குடும்பத்தில் அது சேராது, சம்பளமில்லா விடுப்புதான் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரித் தாளில் அவள் எனக்கு மிக நெருக்கம். விடுப்புத் தாளில் யாரோ. இரண்டு தாளையும் ஒரே கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

3

எங்கள் ஊர்த் தையல்கடைகளில் பெண்ணின் உடம்பில் இஞ்ச் டேப் படாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உடம்புக்குப் பதில் ஒரு ஜாக்கெட் போகும். பிடித்த ஜாக்கெட், சரியாக நிற்கிற ஜாக்கெட். அதன் ஓரத்தில் துணித் துண்டு ஒன்றைப் பின் குத்தி, பெயரைச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு வருவோம். நாம் மெலிந்தோமா பெருத்தோமா என்று யாரும் கேட்பதில்லை. "கொஞ்சம் பிடிச்சு" அல்லது "கொஞ்சம் விட்டு." அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தி ஊரை விட்டுப் போய் இருபது வருடம் ஆனாலும், ஜெயராணியின் அலமாரியில் அவள் அன்றைய அளவிலேயே மடிந்து கிடப்பாள்.

நான் வளர்ந்த காலத்தில் எங்களுக்குப் பருவம் இரண்டுதான், தீபாவளியும் பொங்கலும். எந்த நிறம், எந்தத் துணி என்பதை மழைதான் முடிவு செய்யும். பருத்தி வெடித்து விலையும் நின்ற வருடம் அம்மாவுக்குப் பட்டு. கரிசல் வாய் பிளந்து கிடந்த வருடம் எல்லாருக்கும் ஒரே துணிச்சுருளில் வெட்டிய பாலியஸ்டர். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையைப் பார்த்தே அந்த வருடம் எங்கள் காட்டில் என்ன விளைந்தது என்று சொல்லிவிடலாம். இன்று சண்முகத்தாய் வீட்டில் நிறத்தை யாரோ தொலைவில் இருந்து முடிவு செய்து அனுப்புகிறார்கள். லேவண்டர், பிஸ்தா, மங்கிய ரோஸ். எங்கள் கடையின் அட்டைப் பெட்டியிலும் இதே நிறங்கள்தான் வருகின்றன.

பெட்டியின் அடியில் ஓர் அரக்கு ஜாக்கெட் கிடந்தது. அபியின் சடங்குக்குத் தைத்தது. இரண்டு பக்கமும் இருந்த காலத்து ஜாக்கெட். மதுரைக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கொடுப்பதற்காக அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மீரா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். பத்தொன்பது வயது. தலை முதல் கால் வரை கறுப்பு, அதுதான் அவள் நான்கு பருவத்துக்கும் போடுகிற உடுப்பு.

"ஏன் ஒரு சட்டைய அனுப்பணும்? அளந்து நம்பர் அனுப்பலாமே. ரெண்டு நிமிஷம். நான் அளக்கட்டா?"

"வேண்டாம்."

"இது பழசும்மா. உனக்கு இப்ப..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் தமிழ் செருப்பில்லாமல் சரளைக்கல்லில் நடப்பது போல, ஒவ்வொரு சொல்லிலும் பாதத்தைப் பார்த்து வைக்கும். அன்று அடுத்த அடியை வைக்கவில்லை.

"நீயும் வா, அபி கேட்டுக்கிட்டே இருக்கா" என்றேன்.

"எக்ஸாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலத்தை ஒட்டினேன். இல்லாத ஓர் உடம்பின் அளவை விமானத்தில் ஏற்றி அனுப்பினேன்.

4

வழியில் விமானம் மாறிய ஊரில், சோதனை வளையத்துக்குள் கையைத் தூக்கி நின்றபோது திரையில் என் இடப்பக்கம் மஞ்சள் கட்டமாக ஒளிர்ந்தது. உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் வார்ப்பு அது. சீருடைக்காரப் பெண் ஓரமாக அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரி கொடுத்திருந்த அட்டையைக் காட்டினேன். படித்துவிட்டு, கையுறையைக் கழற்றி, என் தோளை ஒரு தடவை தொட்டு அனுப்பினாள். முகம் தெரியாத ஒருத்திக்கு அரை நிமிடத்தில் சொல்ல முடிந்தது.

கோவில்பட்டியில் இறங்கியபோது மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. பசுவந்தனை ரோட்டின் இரண்டு பக்கமும் உழுதுபோட்ட நிலம் கறுப்பாக, ஒரு பச்சைகூட இல்லாமல், மழைக்குக் காத்துக் கிடந்தது.

"என்ன மதினி, இப்படி வத்திப் போயிட்டீங்க? அங்கன சோறு போடுதாங்களா இல்லியா?" சண்முகத்தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அபி பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்தபோது நான் இடப்பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று வருடப் பழக்கம்.

"அத்தை, நாளைக்கு ட்ரையல். ஜெயராணியக்கா பானைக் கழுத்து வச்சு, பின்னால குஞ்சம் விட்டு, கப் வச்சே தச்சிருக்காங்க. நீங்க அசந்துருவீங்க."

"எனக்கு எதுக்குட்டி பானைக் கழுத்து? வயசு நாப்பத்தெட்டு."

"அம்மாவுக்கே அதுதான். 'தாலியறுத்தவளுக்கு எதுக்கு லேவண்டரு'ன்னாவ. நீ உடுத்தலன்னா நானும் உடுத்த மாட்டேன்னுட்டேன்."

சண்முகத்தாய் அடுப்படியிலிருந்து கத்தினாள். "ஆமா, ஊரு சிரிக்கட்டும். உரமூட்டைக்குக் குஞ்சம் கட்டுன மாதிரி."

மூவரும் சிரித்தோம். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. கடிதம் கைப்பையில் இருந்தது.

5

ஜெயராணியின் கடை ஒரு நீள அறை. முன்னால் பொம்மைக்கு லெஹங்கா உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். பின்னால் உடுத்திப் பார்க்கப் பலகை வைத்துத் தடுத்த இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் அபி, முகூர்த்த ஜாக்கெட்டோடு. இன்னொன்றில் நான்.

ஜெயராணி பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்தபடி உள்ளே வந்தாள். "அக்கா, இந்த உள்பாடி ஆகாது. பட்டை இம்புட்டு அகலமா, மேல ஏறி நிக்கி. கழுத்துல தெரியும். கழட்டிட்டுப் போடுங்க, நான்தான் கப் வச்சிருக்கேன்ல்லா."

"இருக்கட்டும். கழுத்த ஏத்தித் தச்சிரு."

"ஆரி போட்ட கழுத்த எப்படி ஏத்த? கழட்டுங்க, பொம்பளதானே நானு."

வேறு வழி தெரியவில்லை. திரும்பி நின்று கழற்றிவிட்டு அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டேன். கொக்கி மாட்டித் திரும்பினேன். வலப்பக்கம் நிறைந்து நின்றது. இடப்பக்கம் கிண்ணம் மாதிரி தனியாக நின்று, ஜெயராணியின் விரல் பட்டதும் பொக்கென்று உள்ளே போனது. அவள் கை அப்படியே நின்றது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டுப் பஞ்சில் குத்தினாள்.

"எப்ப எடுத்தாங்க?" குரல் அடங்கிப்போயிருந்தது.

"மூணு வருசம்."

"இங்கன யாருக்கும் தெரியாதோ?"

தலையாட்டினேன்.

"சரி. வெலவெலக்காதீங்க. இந்த ஊர்ல நான் நாலு பேருக்குத் தைக்குதேன். ஒருத்திக்கு இன்னொருத்தியத் தெரியாது. ஒருத்தி எங்கிட்டயே சொல்லல. 'இந்தப் பக்கம் பஞ்சு கூட வையி ராணி'ன்னா. வச்சேன்." அவள் அளவு பார்ப்பது போல என் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினாள். "இப்ப பேஷனே கப்புதான். கொமரியெல்லாம் வைக்காளுவ. யாரு எதுக்கு வச்சிருக்கான்னு எவ கேக்கப் போறா? நீங்க பழைய அளவ அனுப்பாம எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"என்ன ராணி, உள்ள போயி அரைமணி நேரமாச்சு" என்றபடி சண்முகத்தாய் திரையை விலக்கினாள்.

ஜெயராணி குறுக்கே வரப் பார்த்தாள். நேரமில்லை. சண்முகத்தாயின் கண் என் முகத்திலிருந்து இறங்கி, உள்ளே போய்விட்ட அந்தக் கிண்ணத்தில் நின்றது. பின்னால் கையை விட்டுத் திரையை மூடினாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன மதினி இது?"

சொன்னேன். நின்றுகொண்டே, பாதி கொக்கி மாட்டிய ஜாக்கெட்டோடு, மூன்று வருடத்தையும் சொன்னேன். அவள் என் வயிற்றில் முகத்தை வைத்து அழுதாள். "ஒத்தையில கெடந்தீங்களா? ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று நினைத்து, கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். இரத்தம், அப்பா அம்மா வழி, தம்பி.

அழுகை நின்றது.

"அப்ப அபிக்கு?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும். அவகிட்ட சொல்லணும்."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். உரமூட்டை தூக்கிப் பழகிய கை, வலித்தது. "மதினி, மூணு நாளு இருக்கு. ஊரெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சு. ஆம்பள இல்லாத வீடு, நான் ஒத்தையா நின்னு கூட்டி வச்ச சம்பந்தம் இது. உங்க கால்ல விழுதேன். கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறமாச் சொல்லிக்கிடுங்க."

"ஏறினப்புறம் சொன்னா, மறைச்சுட்டாங்கன்னுல்லா அவிய சொல்லுவாவ?" என்றாள் ஜெயராணி.

"நீ சும்மா கெட ராணி! துணிய வெட்டுதது மட்டும் உன் வேலை."

"அம்மா."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். ஒரு விரல் கனப் பலகை. மூவருமே அதை மறந்திருந்தோம்.

அபி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகூர்த்த ஜாக்கெட்டில் ஒரு கைதான் தைத்திருந்தது, இன்னொரு தோளில் ஊசிகள் மட்டும். அழவில்லை. "அந்த லெட்டர் எங்க அத்தை?"

சண்முகத்தாய் என் கைப்பையின் மேல் கை வைத்தாள். அபி அந்தக் கையை மெதுவாக எடுத்தாள். கடிதத்தை வெட்டுமேசையில் விரித்து, நின்றபடியே முழுவதும் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். விரல் தேதியில் போய் நின்றது.

"கிட்டத்தட்ட மூணு வருசம்."

"உனக்குப் பேச்சு நடந்துக்கிட்டிருக்கும்போது எப்படிட்டி..." என்றேன்.

"பேச்சு ஆரம்பிச்சது இந்தத் தையிலதான். அதுக்கு முன்னால?"

அவள் தாளை மடித்தாள். மடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள். "மீரா என்ன சொன்னா?"

நான் ஜாக்கெட்டின் மிச்சக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினேன். முன்னால் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"மீராவுக்கும் குடுக்கலியா?"

"அவளுக்குப் படிப்பு... பரீட்சை..."

"எங்களுக்காகத்தான் மறைச்சேன்னு சொல்லுதீங்க. இங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு பயந்தேன்னு சொல்லுதீங்க. சரி. மீரா எந்த ஊர்ல இருக்கா அத்தை?"

6

ஊசி குத்திய தோளோடு அவள் கடைப் படியில் போய் நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. சண்முகத்தாய் முக்காலியை விட்டு எழவில்லை. திரும்பி வந்த அபி, "அவங்க அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிருதேன்னுட்டார்" என்றாள். "அக்கா, இந்தக் கைய வைங்க" என்று ஜெயராணி முன் தோளை நீட்டினாள்.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. பந்தல்காரர் வந்தார், கம்புகளை இறக்கலாமா என்று கேட்டார். சண்முகத்தாய் "நிக்கட்டும்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். "சாப்பிட வாங்க" என்று சுவரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் நான் இருபத்தைந்து வருடமாக மதினி. அன்று காலை முதல் அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. ஐந்து லேவண்டர் சேலைகள் மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒரு காரியத்துக்காக இவ்வளவு அழகாக மடித்து வைத்த துணியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

சாயந்தரம் நாலு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் அறுபது ஏக்கர் மானாவாரியைத் தனியாகப் பார்க்கிற மனுஷி. துணைக்கு ஒருவரையும் கூட்டி வரவில்லை. உட்கார்ந்தார். காபியைப் பார்த்து "பெறவு குடிக்கேன்" என்றார்.

"அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க."

அபி வந்து நின்றாள்.

"டெஸ்ட் எடுப்பியா?"

"எடுப்பேன்."

"எங்கன?"

"மதுரையில. கேட்டு வச்சிருக்கேன்."

"இருக்குன்னு வந்தா?"

"வருசா வருசம் பாக்கணும். அதுக்கு மேல டாக்டர் சொல்லுதத செய்யணும். மறைக்க மாட்டேன்."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் மவன் 'நான்தான் கூட்டிட்டுப் போவேன்'னு நிக்கான். எனக்குப் பயமாத்தான் இருக்கு தாயி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா வேண்டாம்னுதான் நெனச்சேன். வெள்ளென எழுந்திரிச்சு யோசிச்சேன். நாளைக்கு எம் மவளுக்கு ஒண்ணுன்னா நான் வெளிய சொல்லுவேனா? சொல்ல மாட்டேன். நீ சொல்லிட்ட." தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "இதையே மூணாவது மனுசி வாயால கேட்டிருந்தேன்னா, இந்தப் படி ஏறிருக்க மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அத்தையா? நலங்கு வைக்கணும்லா, கை மேல தூக்க வருமா?"

எடுத்த பக்கத்துக் கை மேலே போகுமா என்று மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர்கூடத் தாளில்தான் குறித்தார்.

"வரும்" என்றேன். தூக்கிக் காட்டினேன், காதுக்கு மேல் வரை.

"அது போதும். காபியக் குடுங்க, ஆறிருக்கும், சுட வச்சே குடுங்க."

சண்முகத்தாய் அடுப்படிக்கு ஓடினாள். போகிற போக்கில் பந்தல்காரரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உக்காந்திருக்கீங்க? கம்ப இறக்குங்க!" என்று சத்தம் போட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்று சாப்பிடும்போது "மதினி, ரசம்" என்றாள். அவ்வளவுதான்.

7

கல்யாணம் நடந்தது. நலங்கு வைத்தேன், கை மேலே போனது. ஜெயராணி இடப்பக்கக் கிண்ணத்தைப் பிரித்து, பஞ்சை வைத்துத் தைத்து, மேலே தலைப்பு விழுகிற மாதிரி மடிப்பை ஊசியால் பூட்டியிருந்தாள். சண்முகத்தாய் லேவண்டர் உடுத்தி, குஞ்சத்தை மட்டும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, மண்டபத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அபி மேடையிலிருந்து ஆள் அனுப்பி முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். வந்தவர்கள் எல்லாரும் என்னிடம், "வெளிநாட்டுத் தண்ணி நல்லா ஒத்துக்கிட்டு, சிக்குன்னு இருக்கீங்க" என்றார்கள். யாரோ எடுத்த படத்தை மீராவுக்கு அனுப்பினேன். உடனே பதில். "அழகா இருக்கம்மா. அந்தக் கலர் உனக்கு நல்லா செட் ஆகுது."

மணப்பெண் அறைக்குப் போனேன். உதிர்ந்த மல்லிகை, கொண்டை ஊசிகள், திறந்து கிடந்த அலங்காரப் பெட்டி. யாருமில்லை. தாழ்ப்பாள் போட்டுவிட்டு மீராவை அழைத்தேன்.

"சொல்லும்மா. அபி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நீ தனியாவா இருக்க?"

"ஆமா. ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"உக்காரு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சொன்னேன். தையல்கடையில் நின்று சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அங்கே என் உடம்பே பாதியைச் சொல்லிவிட்டது. இங்கே எல்லாச் சொல்லையும் நானே தேட வேண்டியிருந்தது. தமிழில் வராத இடத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன், ஆங்கிலம் சுற்றிப் போகப் பார்த்த இடத்தில் தமிழுக்குத் திரும்பினேன். முடித்தபோது மண்டபத்தில் மேளம் வேகமாக அடித்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"மீரா?"

"இருக்கேன்." மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப நான் கேட்டேன். எனக்கும் இது வருமான்னு. நீ, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி'ன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கேட்டதும் நான் சொன்னதும் எதுவும் என்னிடம் இல்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலோடு தன் அறைக்குப் போய் மூன்று வருடம் இருந்திருக்கிறாள்.

"இல்ல" என்றேன். "ஞாபகம் இல்ல."

"சரி. இப்ப மறுபடி கேக்கறேன். எனக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா. நான் வந்ததும் ரெண்டு பேருமாப் போய்த் தெரிஞ்சுக்குவோம்."

யாரோ கதவைத் தட்டினார்கள். "அத்தைக்காரிய போட்டோவுக்குக் கூப்பிடுதாவ, எல்லாரும் ஒரே சேலையில நிக்கணுமாம்!" என்று ஒரு குரல்.

மீரா அழத் தொடங்கியிருந்தாள். அழுகைக்கு நடுவில், "போன வைக்காத" என்றாள்.

வைக்கவில்லை.